மனத்தைத் தொட்ட வேர்

தலை வலிக்கிறது என்று சொன்னால் உங்கள் வீட்டில் முதலில் என்ன செய்வார்கள்? சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொல்வார்கள். பிறகு ஏலக்காய் தட்டிப் போட்ட தேநீர் ஒரு தம்ளர். "கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படு, சரியாகிவிடும்" என்பார்கள். பல நேரங்களில் சரியாகியும் விடும்.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவாரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. (பெயரைக் கேட்டதும் நாயன்மார்களின் பதிகங்கள் நினைவுக்கு வரலாம். நாம் பேசுவது ஊரை.) சற்று வடக்கே போடிநாயக்கனூர், ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மலைக்கு மேலே, கேரள எல்லைக்கு அப்பால் ஏலத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அடிவாரத்து ஊர்களிலிருந்து ஏராளமானோர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து வளைவுப் பாதைகளில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். குறைந்த தூக்கம், நேரந் தவறிய உணவு, உறைக்கும் வெயில், வண்டிப் புகை ஆகியவை எல்லாம் ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடக் கூடியவை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

ஒற்றைத் தலைவலி, எதிலும் நாட்டமின்றி நாள் கணக்கில் மனம் கனத்துக் கிடக்கும் மனச்சோர்வு, தக்க காரணமின்றி நெஞ்சு படபடக்கும் பதற்றம். இம்மூன்று தொல்லைகளுக்கும் மனிதன் மருந்து தேடிச் சென்ற இடம் முதன்முதலில் காடுதான். உலகெங்கும் இப்படித் தேடி எடுத்த மூலிகைகள் பல உண்டு. ஆயினும் அவற்றுள் ஒரு வேரின் வரலாறு தனிச் சிறப்புடையது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் விளையும் வேர்.

இந்த மூன்று நோய்களையும் அது குணப்படுத்திவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றைத் தணித்தது. மற்ற இரண்டையும் சிலருக்கு உண்டாக்கியது! உண்டாக்கியதால்தான் அந்நோய்களைப் பற்றி நாம் பலவற்றை அறிந்துகொண்டோம்.

சிவன் அமல்பொடி

சர்ப்பகந்தா என்பது வடமொழிப் பெயர். தமிழில் சிவன் அமல்பொடி என்ற பெயரும் உண்டு. பெரும்பாலும் முழங்கால் உயரமே வளரும் சிறு செடி. ஒவ்வொரு கணுவிலும் பொதுவாக மூன்று இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். பூக்காம்பு நல்ல சிவப்பு; இதழ்களோ வெள்ளை. பழுத்த கனி கருஞ்சிவப்பாகிப் பின் கருக்கும். அரளியும் நித்தியகல்யாணியும் சேர்ந்த குடும்பமே இதன் குடும்பம். தேவாரத்தின் பக்கம் மலையின் மழை மறைவுச் சரிவு, வறண்டது. இச்செடி விரும்புவது ஈரமும் நிழலும் உள்ள காடு. எனவே தொடர்ச்சி மலையின் மழை பெறும் பக்கத்தில், அதிக உயரமில்லாத சரிவுகளில் இதைக் காணலாம். இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் இது உண்டு.

மலபார்ப் பகுதியின் தாவரங்களைப் பற்றி டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இச்செடி 'சோவன்ன அமல்பொடி' என்ற பெயரில் படத்துடன் இடம் பெற்றிருக்கிறது. மலையாளத்தில் 'சுவன்ன' என்றால் 'சிவந்த' என்று பொருள். மலையைத் தாண்டி வந்தபோது 'சுவன்ன' நம்மிடம் 'சிவன்' ஆகிவிட்டாரோ என்று எனக்கு ஓர் ஐயம். சிவந்த பூக்காம்பைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றும்.

தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் ராவுல்ஃபியா செர்ப்பென்டினா. லியோனார்டு ராவுல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவரின் நினைவாக, பிரெஞ்சு அறிஞர் பிளூமியே 1703-ஆம் ஆண்டில் சூட்டிய இனப்பெயர் அது. ராவுல்ஃப் 16-ஆம் நூற்றாண்டில் மூலிகை தேடி சிரியா, ஈராக் வரை பயணம் செய்தவர். இந்தியாவுக்கு வந்தவரே அல்லர்! 'செர்ப்பென்டினா' என்றால் பாம்பு போன்றது. வேர் வளைந்து நெளிந்து செல்வதாலும் பாம்புக்கடிக்கு மருந்தாக வழங்கியதாலும் பாம்பின் பெயர் ஒட்டிக்கொண்டது. (பாம்புக்கடிக்கு இது பயன்படாது. அதற்கு விஷமுறிவு ஊசி ஒன்றுதான் மருந்து. வேரைத் தேடிக் கழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.)

காய்ச்சல், வயிற்றுக் கோளாறு என்று வேறு பலவற்றுக்கும் இதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆயினும் இவ்வேரைப் புகழ் பெறச் செய்தது வேறொரு பயன். பீகாரில் இதற்குப் 'பாகல் கீ தவா' என்று பெயர். அதாவது பைத்தியத்திற்கு மருந்து. கட்டுக்கடங்காமல் ஆவேசப்படுகிறவர்களுக்கு இவ்வேரின் பொடியைக் கொடுத்தால் அவர்கள் அமைதியாகி உறங்கினார்கள்.

தூக்கி எறிந்த பிசின்

ஓர் ஊர் வழக்கம் விஞ்ஞானமாக மாற வேண்டுமானால் யாரேனும் அதை எடை போட்டு, அளந்து, எழுதி வைக்க வேண்டும். 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் இதைச் செய்தார்கள். வேர்ப்பொடியை நாளுக்கு இரு வேளை, வேளைக்கு 20 முதல் 30 கிரெயின் வரை கொடுத்தால் நோயாளி உறங்குகிறார், ஆவேசம் தணிகிறது, இரத்த அழுத்தமும் இறங்குகிறது என்று அவர்கள் கட்டுரை எழுதினார்கள். அதே 1931-இல் டெல்லி திப்பியா கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கியும் அவருடன் பணியாற்றிய மற்றொரு சித்திக்கியும் வேரிலிருந்து சில பொருள்களைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஒன்றிற்கு அஜ்மலின் என்று பெயரிட்டனர். யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் பெயர் அது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பிரித்தெடுத்த தூய படிகங்களை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேர்ப்பொடி தந்த உறக்கத்தை அவை தரவில்லை! நாட்டார் நம்பிக்கை பொய்யோ? இல்லை. கல்கத்தா வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவரைச் சார்ந்தோரும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். படிகங்களை எடுத்த பிறகு எஞ்சி நிற்கும் பிசின் போன்ற பகுதியில்தான் அமைதிப்படுத்தும் குணம் இருக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் கண்டனர். வேதியியலார் ஒரு கலவையிலிருந்து அழகான படிகத்தைப் பெற்றதும் மற்றதைக் கசடென்று ஒதுக்கிவிடுவது வழக்கம். கசடில்தான் சரக்கு இருந்தது.

அந்தப் பிசினிலிருந்து உண்மையான சரக்கைத் தூய்மையாகப் பிரிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சீபா நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் முல்லர், ஷிலிட்லர், பைன் ஆகிய மூவரும் அதைச் செய்து முடித்தனர். புதிய பொருளுக்கு ரெசர்ப்பின் என்று பெயர். 1956-இல் அமெரிக்க வேதியியல் மேதை உட்வர்டு அதை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகக் கட்டமைத்தும் காட்டினார்.

இதற்கு முன்பே பம்பாயில் ஒரு முக்கியமான வேலை நடந்திருந்தது. ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதயநோய் மருத்துவர், இரத்தக் கொதிப்புள்ள 50 பேருக்கு இவ்வேரின் மாத்திரைகளைக் கொடுத்து, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று முறையாக அளந்து வந்தார். அவரது கட்டுரை 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியாயிற்று. உலக மருத்துவர்களின் கண் இவ்வேரின் மீது திரும்பியது அதற்குப் பிறகுதான். 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வக்கீலுக்கு வழங்கப்பட்டது.

அதே பரிசை அதே ஆண்டில் பெற்ற மற்றொருவர் நேதன் கிளைன். நியூயார்க் மாநிலத்தில் ராக்லாண்டு மனநோய் மருத்துவமனையில் பணியாற்றியவர். இவ்வேரைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1954-இல் முடிவுகளை வெளியிட்டார். பதற்றம் தணிந்தது, ஆவேசம் அடங்கியது. மனநோயாளிகளைக் கட்டிப் போடுவதும் அறையில் பூட்டுவதும் அன்றாட வழக்கமாக இருந்த காலம் அது. மாத்திரையால் மனம் மாறும் என்பதே அன்று பெரிய செய்தி. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் வந்த குளோர்ப்ரோமசினும் ரெசர்ப்பினும்தான் மனநோய் மருத்துவமனைகளின் போக்கை முதலில் மாற்றிய மருந்துகள். பின்னர் குளோர்ப்ரோமசினும் அதன் வழி வந்தவையும் முந்திக்கொண்டன, ரெசர்ப்பின் பின்தங்கியது. ஏன் பின்தங்கியது என்பதில்தான் நம் கதையின் முக்கியத் திருப்பம் இருக்கிறது.

சாக்கின் வாயைக் கட்டினால்

இரத்தக் கொதிப்புக்காக ரெசர்ப்பின் உண்டு வந்தவர்களில் சிலரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அழுத்தம் இறங்கியிருந்தது, மருத்துவர் மகிழ்ந்தார். நோயாளியின் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை. உறக்கம் கெட்டது. உணவில் விருப்பமில்லை. வாழ்வதில் என்ன பயன் என்று பேசத் தொடங்கினார். அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஃப்ரைஸ் 1954-இலேயே இதை எச்சரித்து எழுதினார். பெரிய அளவில், நெடுநாள் உண்டவர்களுக்கு மனச்சோர்வு வருகிறது என்றார் அவர்.

ஒரு வேர் எப்படி ஒருவரைச் சோர்வுறச் செய்யும்? இதைப் புரிந்துகொள்ள நரம்பணுவின் முனைக்குப் போக வேண்டும்.

ஒரு நரம்பணுவும் அடுத்த நரம்பணுவும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தி வந்ததும் முதல் அணுவின் முனை, சில வேதிப்பொருள்களை அந்த இடைவெளியில் சிந்துகிறது. அவை அக்கரை சேர்ந்து அடுத்த அணுவைத் தட்டி எழுப்புகின்றன. செரட்டோனின், டோபமின், நார் அட்ரினலின் ஆகியவை இத்தகைய தூதர்கள். தேவைப்படும்போது சிந்துவதற்காக இவற்றை நரம்பு முனை மிகச் சிறிய பைகளில் நிரப்பி வைத்திருக்கிறது. பையின் சுவரில் உள்ள ஒரு புரதம் பம்பு போல வேலை செய்து தூதர்களை உள்ளே தள்ளுகிறது.

ஏலத் தோட்டத்து ஸ்டோரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உலர்த்திய காயைச் சாக்கில் கட்டி அடுக்கினால் அது பத்திரமாக இருக்கும். சந்தைக்குத் தேவைப்படும்போது எடுத்து அனுப்பலாம். சாக்கின் வாயை யாரோ முன்கூட்டியே இறுக்கித் தைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயை உள்ளே போட முடியாது. வெளியே குவித்து வைத்தால் ஈரமும் பூச்சியும் விட்டு வைக்காது. சில நாளில் ஸ்டோர் காலி. ரெசர்ப்பின் செய்வது இதைத்தான். அது பம்பில் போய் இறுகப் பற்றிக்கொள்கிறது. பைக்குள் போக முடியாத தூதர்களை, முனையிலேயே காவல் நிற்கும் மானோ அமின் ஆக்சிடேஸ் என்னும் நொதி சிதைத்துவிடுகிறது. இரத்தக் குழாய்களை இறுக்கும் தூதர் குறைவதால் அழுத்தம் இறங்குகிறது. மூளையிலும் இருப்புக் குறைவதால் மனம் மந்தமாகிறது. இவ்வேரின் செயல் மெல்லத் தொடங்குவதும், நிறுத்திய பின்பும் பல நாள் நீடிப்பதும் இதனால்தான். சாக்குகள் காலியாகவும் நாளாகும், நிரம்பவும் நாளாகும்.

ரெசர்ப்பின் கொடுத்த விலங்குகளில் செரட்டோனின் இருப்புக் கரைந்து போவதை அமெரிக்காவில் பிராடியும் அவரது குழுவினரும் 1955-இல் காட்டினார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் அப்போது நடந்துகொண்டிருந்தது. காசநோய்க்காகக் கொடுத்த இப்ரோனியசிட் என்ற மருந்து சில நோயாளிகளை உற்சாகத்தில் ஆழ்த்தியது. ஆராய்ந்தபோது, அது மேலே சொன்ன காவல் நொதியைத் தடுப்பது தெரிந்தது. தூதர்கள் சிதைவதில்லை, இருப்புக் கூடுகிறது, மனம் தெளிகிறது! வேரை ஆராய்ந்த அதே கிளைன் 1957-இல் இதை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தினார். ஒன்று இருப்பைக் கரைத்துச் சோர்வூட்டியது, மற்றது இருப்பைக் காத்துச் சோர்வை நீக்கியது. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வுக்கும் மூளையின் வேதிப்பொருள்களுக்கும் தொடர்புண்டு என்ற கருத்துக்கு வந்தார்கள். பின்னால் வந்த மனச்சோர்வு மருந்துகள் பலவும் இக்கருத்தின் வழியே பிறந்தவை.

கருத்து முழு உண்மையா என்றால், அல்ல. ரெசர்ப்பின் உண்ட எல்லாருக்கும் சோர்வு வரவில்லை. அந்தத் தொடர்பே முதலில் எண்ணிய அளவு வலுவானதன்று என்று பிற்கால மறு ஆய்வுகள் ஐயுறுகின்றன. செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வு என்று ஒரே வரியில் சொல்வதை இன்று விஞ்ஞானிகள் ஏற்பதில்லை. வறுமை, இழப்பு, உறவுச் சிக்கல், பரம்பரை, உடல்நோய் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் மனத்தின் துயரம் உடம்புக்குள் நடக்கும் ஒன்று, அது சோம்பேறித்தனமோ குணக்கேடோ அன்று என்பதை உலகம் ஒப்புக்கொள்ள இவ்வேர் ஒரு பெரிய காரணம்.

முயலும் பூனைக்காலியும்

ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957-இல் செய்த சோதனையை நான் மிகவும் ரசிப்பேன். முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். அவை காதுகளைத் தொங்கவிட்டு, அசையாமல் அமர்ந்துவிட்டன. பிறகு டோபா என்ற பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடத் தொடங்கின! மூளைக்குள் டோபா, டோபமினாக மாறுகிறது. ரெசர்ப்பின் காலி செய்த ஒன்றை டோபா மீண்டும் நிரப்பியது. டோபமின் குறைந்தால் அசைவு குன்றும் என்ற இந்த அறிவே, கை கால் நடுக்கமும் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோய்க்கு, 1960-களில், எல்-டோபா மருந்தைக் கொண்டுவந்தது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

இதில் நம் ஊர்ப் பங்கு ஒன்று உண்டு. முயல் சோதனைக்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1937-இல், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் அந்த எல்-டோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர். ஆம், வேலியில் படர்ந்து, காயின் சுணை மேலே பட்டால் ஊரெல்லாம் சொறிய வைக்கும் அதே பூனைக்காலி. கம்பவாதம் என்னும் நடுக்க நோய்க்கு அந்த விதையைக் கொடுப்பது நம் நாட்டு மருத்துவத்தில் பழைய வழக்கம்.

ஒற்றைத் தலைவலிக்கு வருவோம்

இது வெறும் தலைவலி அன்று. பெரும்பாலும் ஒரு பக்கம், நாடி துடிப்பதற்கேற்ப விண்விண்ணென்று தெறிக்கும். குமட்டல், வாந்தி வரும். வெளிச்சமும் ஓசையும் தாங்காது. சிலருக்கு வலி வருமுன் கண்முன் மின்னல் கோடுகள் தோன்றும். மருந்தின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இந்நோய் உள்ளவர்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தபோது, பலருக்குத் தலைவலி கிளம்பிவிட்டது. செரட்டோனினை ஊசி மூலம் செலுத்தியதும் வலி தணிந்தது. 1960-இல் வெளியான இந்த ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. ஒற்றைத் தலைவலியிலும் செரட்டோனினுக்குப் பங்கு உண்டு! செரட்டோனினையே மருந்தாகக் கொடுக்க இயலாது. அது உடம்பெங்கும் குழப்பம் விளைவிக்கும். எனவே அதன் வேலைகளில் தேவையானதை மட்டும் செய்யும் மூலக்கூறு ஒன்றை வேதியியலார் தேடினர். 1991-இல் விற்பனைக்கு வந்த சுமட்ரிப்டான் அப்படிப் பிறந்தது.

அதற்கு முன் இந்நோய்க்கு நெடுங்காலம் கைகொடுத்தது எர்கட்டமின். கம்பு போன்ற கதிர்களில் வரும் தேன் ஒழுகல் நோயைப் பார்த்திருக்கிறீர்களா? அதைப் போன்றே ரை என்னும் தானியத்தைத் தாக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து ஆர்தர் ஸ்டோல் 1918-இல் பிரித்தெடுத்த பொருள் அது. அப்பூஞ்சை கலந்த ரொட்டியைத் தின்று, கை கால் கருகி, இடைக்கால ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இரத்தக் குழாயை இறுக்கிக் கொன்ற அதே நஞ்சு, மிகச் சிறிய அளவில் வலியைத் தணித்தது.

சுக்குப் பற்றின் கதி என்ன? இஞ்சியின் காரப்பொருள்கள், தோலில் சூட்டையும் காரத்தையும் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. நெற்றியின் எரிச்சல், உள்ளிருக்கும் வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது எனலாம். இஞ்சிப் பொடியை உள்ளுக்குக் கொடுத்தும் சோதித்திருக்கிறார்கள். ஈரானில் 100 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இஞ்சிப் பொடி சுமட்ரிப்டானுக்கு ஏறத்தாழ ஈடாக வலியைக் குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அதில் வெறும் மாவு மாத்திரை உண்ட மூன்றாவது குழு இல்லை. தலைவலி தானாகவும் குறையும். 'மருந்து உண்டோம்' என்ற நம்பிக்கையாலும் குறையும். அந்த மூன்றாவது குழு இருந்திருந்தால்தான் இஞ்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். ஏலக்காய்க்கு மணம் உண்டு, சுவை உண்டு. மனச்சோர்வையோ ஒற்றைத் தலைவலியையோ அது நீக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. தேநீருக்கு அது தடையல்ல.

ஒரு சிறு கணக்கு

'மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். சென்னும் போஸும் சொன்ன அளவில் 30 கிரெயினை எடுத்துக்கொண்டால் வேளைக்கு ஏறத்தாழ 2 கிராம். இரு வேளைக்கு 4 கிராம். வேரில் ரெசர்ப்பின் 0.1 சதவீதம் இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு நாளில் உள்ளே போகும் ரெசர்ப்பின் 4 மில்லிகிராம். இரத்தக் கொதிப்புக்குப் பிற்காலத்தில் மருத்துவர்கள் எழுதித் தந்த அளவு 0.1 முதல் 0.25 மில்லிகிராம்தான். பதினாறு மடங்குக்கும் மேல்!

இன்னொரு சிக்கலும் உண்டு. வேரில் ரெசர்ப்பினின் அளவு எங்கும் ஒன்றாக இராது. காட்டுக்குக் காடு, பருவத்திற்குப் பருவம் மாறும். இன்று வாங்கிய பொடியில் ஒரு பங்கு என்றால் அடுத்த மாதம் வாங்குவதில் இரு பங்கு இருக்கலாம். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. மேலும், வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் சமவெளிகளில் புதராய் மண்டிக் கிடக்கும் இதன் உறவுச் செடி ஒன்றையும் சிலர் சர்ப்பகந்தா என்று விற்பதுண்டு. அதிலும் ரெசர்ப்பின் இருக்கிறது, வேறு அளவில். ஆகவே எங்கேனும் இச்செடியைப் பார்த்தால் வேரைக் கடித்துச் சோதிக்க வேண்டாம்.

மற்ற நாட்டு மூலிகைகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. பசிபிக் தீவுகளில் விருந்தினருக்குத் தரும் காவா என்னும் வேர்ப்பானம் பதற்றத்தைத் தணிக்கிறது. அதன் சாறு மாத்திரையாகி ஐரோப்பாவில் பரவியபோது சிலருக்குக் கல்லீரல் கெட்டது. 2002-இல் ஜெர்மனி அதை விலக்கியது. ஐரோப்பாவின் புனித ஜான் பூண்டு சற்று வேறு. 29 சோதனைகளை, 5000-க்கு மேற்பட்ட நோயாளிகளை, ஒருசேரப் பரிசீலித்து 2008-இல் வெளியான மதிப்பீடு, கடுமையல்லாத மனச்சோர்வில் அது வெறும் மாத்திரையைவிட மேலானது என்று கண்டது. மூலிகைகளில் இவ்வளவு நல்ல மதிப்பெண் பெற்றது அரிது. ஆனால் அது ஈரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு, உடன் உண்ணும் வேறு மருந்துகளை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும். மாற்று இதயம் பொருத்திய இருவர் இதை உண்டதால், இதயத்தைக் காக்கும் மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்து, உடம்பு புதிய இதயத்தை ஏற்க மறுக்கத் தொடங்கியது என்று 2000-இல் சூரிச் மருத்துவர்கள் எழுதினர். இப்பூண்டின் உறவினம் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் பெரிய மஞ்சள் பூக்களுடன் நிற்கிறது. உறவினம் என்பதால் குணமும் ஒன்று என்று கொள்ளக் கூடாது.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இது வெறும் வரலாறாக இராது. வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ மாதத்தில் பல நாள் தலைவலி வரலாம். கூடப் படிக்கும் ஒருவர் பேச்சைக் குறைத்து, விளையாட்டை விட்டு, இரவில் உறங்காமல் இருக்கலாம். சுக்குப் பற்றுப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, கை கால் மரத்துப் போவதோடு வரும் தலைவலி, அடிபட்ட பின் வரும் தலைவலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைதான். மனச்சோர்வு இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அதற்கும் அப்படியே. தேவாரத்துக்காரர்களுக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வண்டி ஏறிப் போக முடியாவிட்டால், 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று யாரேனும் சொன்னால், அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டாம்; நம்பத் தகுந்த பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே மருத்துவர் தந்த மாத்திரை உண்பவர்கள், உடன் மூலிகையும் உண்பதாயிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ஏன் என்பதைச் சூரிச்சில் பார்த்தோம்.

இன்று ரெசர்ப்பினை மருத்துவர்கள் எழுதித் தருவது அரிதாகிவிட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் அதற்கு வேலை ஓயவில்லை. அதன் வழியில் செய்த டெட்ராபெனசின் என்ற மருந்து, கட்டுப்பாடின்றிக் கை கால் துள்ளும் ஹண்டிங்டன் நோய்க்குப் பயன்படுகிறது. ரெசர்ப்பின் மூலக்கூறு அந்தப் பம்பின் எந்த இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது என்பதை, உறைநிலை மின்னணு நுண்ணோக்கியின் துணையால் 2023, 2024 ஆண்டுகளில் படமாகவே எடுத்துவிட்டார்கள்.

செடியின் நிலைதான் கவலைக்குரியது. மருந்து வேரில் இருப்பதால், தோண்டினால் செடியே போய்விடும். 1950-களில் உலகச் சந்தையில் ஏற்பட்ட கிராக்கியால் காடுகளில் இது அருகிப் போயிற்று. அழிவின் விளிம்புக்குச் செல்லக் கூடிய உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1990 முதல் சர்ப்பகந்தா இடம் பெற்றிருக்கிறது. தோட்டத்தில் பயிரிடவும் செய்கிறார்கள். விதையின் முளைப்புத் திறன் குறைவு. ஆதலால் வேர்த்துண்டு, தண்டுத்துண்டு ஆகியவற்றை நட்டு வளர்க்கிறார்கள். நட்டு ஒன்றரை ஆண்டுக்குப் பிறகே வேர் எடுக்கும் பருவத்தை அடைகிறது.